கதிரை மடக்காமல் ஏறும் வாகனம்

நாங்கள் பார்த்துவைத்த இரண்டு ஜீப்பும் வவுனியாவில் ஒரே விற்பனை நிலையத்தின் முற்றத்தில் அருகருகே நின்றன. ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல். இரண்டும் சிறியவைதான். ஆனால் எங்கள் பக்கத்தில் காரைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும் எதையும் ஜீப் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

வாகனம் மகளுக்காக. அவளுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் இறுகியவை. பிடித்துக்கொண்டால் சிறிது நேரம் நிற்பாள், நடக்கமாட்டாள். வாய் மட்டும் எங்கள் எல்லோரையும்விட வேகமாக ஓடும். கிளிநொச்சிக்கு உள்ளே, வாய்க்கால் ஓரத்துக் குடியேற்றத்தில் இருக்கிறோம். அவளுடைய பயிற்சிக்கு வவுனியாவுக்குப் போகவேண்டும். சின்னவளாக இருந்தபோது மோட்டார் சைக்கிளில் எனக்கும் கணவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு போய் பஸ் ஏறினோம். பிறகு ஓட்டோ. இப்போது அவள் என் மடியில் அடங்குவதில்லை. ஓட்டோ குழியில் விழுந்து எழும்போது அவளுடைய முழங்கால் என் வயிற்றில் இடிக்கும். நோவது அவளுக்கு. ஆனால் "சொறி அம்மா" என்று மன்னிப்புக் கேட்பவளும் அவள்தான்.

நான் ஆசிரியை. எதையும் படித்துப் பார்க்காமல் செய்யத் தெரியாது. அந்த மாதம் முழுவதும் இடைவேளைகளில் கைபேசியில் இந்த இரண்டு வாகனங்களையும் பற்றிய காணொளிகளைப் பார்த்தேன். எண்ணெய் எவ்வளவு குடிக்கும், பற்றரி எத்தனை வருடம் தாங்கும், உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா, மாரியில் வாய்க்கால் ரோட்டில் தண்ணீர் ஏறினால் எதன் எஞ்சின் அணையும். காலையில் வெள்ளை என்று முடிவெடுப்பேன். மத்தியானம் யாராவது வெள்ளை வாங்கி அவதிப்பட்ட கதை சொன்னால் சாம்பல். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது மறுபடியும் வெள்ளை.

கணவர் சிரிப்பார். "நீர் இன்னும் ஒரு கிழமை பாத்தீரெண்டால் அந்தாள் ரெண்டையும் வித்துப்போடுவான்."

ஆனால் என் மனம் ஏன் ஒவ்வொரு பின்னேரமும் வெள்ளைக்கே திரும்பியது என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை. விற்பனை நிலையத்துக்கு முதல்தடவை போனபோது, தையல் நாடாவைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். அவர் விற்பவரோடு எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நிலத்திலிருந்து பின் இருக்கையின் விளிம்பு வரைக்கும் அளந்தேன். வீட்டுக்கு வந்து மகளை அலுமாரியோடு சாய்த்து நிற்கவைத்து இடுப்பு வரைக்கும் அளந்தேன். வெள்ளையின் இருக்கை அவளுடைய இடுப்புக்குச் சரியாக வந்தது. நடக்கத் தொடங்கினால், கதவைத் திறந்து, முதுகைக் காட்டி, தானே இருக்கையில் இருந்துகொள்வாள். சாம்பல் உயரம். அதில் அவளைத் தூக்கித்தான் ஏற்றவேண்டும்.

நடக்கத் தொடங்கினால். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் அவளுக்கு எல்லாவற்றையும் வாங்கிவந்தேன். சப்பாத்துக்கூட. அவளுடைய சப்பாத்தின் அடி தேய்வதில்லை. கால் வளர்வதால்தான் மாற்றுவோம்.

இதற்குப் பின்னால் ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. அவளுக்கு ஒரு வயது முடிந்தும் நிமிர்ந்து இருக்க வராதபோது, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போனோம். எல்லோரும் காவடி, பாற்செம்பு, தீச்சட்டி என்று நேர்ந்துகொண்டிருந்தார்கள். நான் அம்மாளாச்சியிடம் வேறுவிதமாகக் கேட்டேன். இவள் தன் காலால் உன் வாசலுக்கு நடந்து வரவேண்டும். அதுவரைக்கும் நானும் வரமாட்டேன், இவளையும் தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றேன். வேண்டுவது என்று நினைத்துக்கொண்டு பிடிவாதம் பிடித்திருக்கிறேன். அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டார் போனார்கள். எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை வந்துவிடும், அல்லது தலையிடி.

கணவரின் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. உழவு மெஷினோ சைக்கிளோ, சில்லு வைத்த எது வாங்கினாலும் முதல் ஓட்டம் வற்றாப்பளைக்குத்தான். அங்கே தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, சில்லுக்குக் கீழே வைத்து நசித்த பிறகுதான் வேறு எங்கேயும் போகும். மகள் இதைக் கேள்விப்பட்டு, இரண்டு கிழமையாக எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அந்தக் கோயில் எப்படி இருக்கும் என்று. நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

முடிவெடுக்கப் போன நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு போனோம். கணவர் அவளுடைய சக்கர நாற்காலியை, வீட்டில் நாங்கள் சில்லுக் கதிரை என்று சொல்வதை, ஓட்டோவின் பின்னால் கட்டி எடுத்துவந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. வாகனம் பார்க்கப் போகும்போது ஏன் அது என்று கேட்டேன்.

"அதை ஏத்திப் பாக்காமல் எப்பிடி எடுக்கிறது?" என்றார்.

விற்பவர் நடுவயது. வாசலிலேயே என்னைக் கண்டுவிட்டார். "வாங்கோ தங்கச்சி. மாப்பிள்ளை பாக்கிற மாதிரிப் பாக்கிறியள். இண்டைக்கெண்டாலும் ஒராளுக்கு ஓம் சொல்லிப்போட்டுப் போங்கோ."

"பொம்பிளைக்குப் பிடிக்கோணுமே அண்ணை," என்றார் கணவர், மகளைக் காட்டி.

மகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு ஹோர்ன் அடிச்சுப் பாக்கோணும்."

ஹோர்ன் அடித்துப் பார்த்தாள். வெள்ளையின் ஹோர்ன் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிறது என்றாள். விற்பவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெள்ளைக்குக் குறை சொல்ல எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள் போல இருந்தது.

முதலில் வெள்ளையை எடுத்தோம். மகளை நானே பின் இருக்கையில் இருத்தினேன். வேண்டுமென்றே தூக்கவில்லை. கதவோரம் நிற்கவைத்து, அக்குளுக்குள் பிடித்து, "இருங்கோ குஞ்சு, பின்னால சரியுங்கோ" என்றேன். அவளுடைய கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று குறுக்கிட்டுக்கொண்டன. நான் பிரித்துவிட்டேன். மறுபடியும் குறுக்கிட்டன.

"தூக்குங்கோ அம்மா," என்றாள் மெதுவாக. "அந்த மாமா பாத்துக்கொண்டு நிக்கிறார்."

தூக்கி இருத்தினேன்.

பின்னால் கணவர் டிக்கியைத் திறந்து கதிரையை மடக்கினார். அகலவாட்டில் போகவில்லை. காலடித் தட்டுகளைக் கழற்றி, மெத்தையை எடுத்து, சரித்து வைத்தபோது உள்ளே அடங்கியது. ஆனால் டிக்கியை மூட முடியவில்லை. விற்பவர் சிரிப்பை நிறுத்தி, வந்து ஒரு பக்கம் பிடித்தார். இரண்டு பேரும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். நான் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"உது எத்தினை நாளைக்கு வேணும்?" என்று கேட்டுவிட்டேன். குரல் நினைத்ததைவிட உரத்து வந்தது. "நடந்தாப் பிறகு உதை ஆர் காவிக்கொண்டு திரியப்போயினம்?"

கணவர் நிமிர்ந்தார். கையில் ஒரு காலடித் தட்டு. "இஞ்ச பாரும்," என்றார். மிச்சத்தை அவர் சொல்லத் தேவையில்லை. பயிற்சி கொடுப்பவர் போன தடவை சொன்னபோது அவரும் என் பக்கத்தில்தான் நின்றார். "நிக்கிறது இன்னும் கூடும் ரீச்சர். நடை வருமெண்டு நான் சொல்லமாட்டன். அதைப் பாத்துக்கொண்டு மற்றதுகளை நிப்பாட்டி வைக்காதேங்கோ." திரும்பி வரும்போது நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் வாகனங்களின் எண்ணெய்ச் செலவைப் பற்றியே கதைத்தோம்.

வெள்ளையில் ஒரு சுற்றுப் போய்வந்தோம். சத்தமே இல்லை, பஞ்சு மாதிரி ஓடியது. மகள் கண்ணை மேலே தூக்கியபடி இருந்தாள்.

"என்ன குஞ்சு பாக்கிறீங்கள்?"

"கரண்ட் வயர்."

அவளுக்கு நிமிர்ந்து இருக்க வராது. கொஞ்சம் சரிந்துதான் இருப்பாள். அந்த உயரத்தில் கண்ணாடிக்குள்ளால் வானமும் வயரும்தான் தெரிந்தன. நான் அவளுடைய இடுப்பை அளந்திருந்தேன். கண்ணை அளக்கவில்லை.

பிறகு சாம்பல். கணவர் அவளைத் தூக்கி ஏற்றினார். பின்கதவு அகலமாகத் திறந்தது. கதிரை மடக்காமல் அப்படியே உருண்டு ஏறியது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. முன்னால் போய் இருந்துகொண்டேன். வாகனம் வீதிக்கு ஏறி, கடைகளைத் தாண்டி, வயல் வெளிக்கு வந்தபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அம்மா, மாடு. அப்பா, அந்த மாட்டுக்கு ஒரு கொம்பு இல்லை. அம்மா, அந்தப் பிள்ளையின்ர சைக்கிளுக்குச் செயின் கழண்டிட்டுது. அங்க பாருங்கோ, கொக்கு, கொக்கு."

முற்றத்துக்குத் திரும்பும்வரை அவள் கண்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீர் சொல்லும்," என்றார் கணவர், வாகனத்தை நிறுத்திவிட்டு. "உம்மட விருப்பம். வெள்ளையெண்டாலும் எனக்குச் சரி. கதிரையை வைக்க மேல ஒரு கரியர் பூட்டலாம்."

அவர் அப்படி விட்டுக்கொடுத்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது. "சாம்பல்," என்றேன். விற்பவர் கைதட்டினார். நான் கைப்பைக்குள் கையை விட்டு, அந்தத் தையல் நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வற்றாப்பளைக்குப் போன நாளில் காற்று பலமாக இருந்தது. மணலில் கதிரையின் சில்லுகள் புதைந்தன. பூசகர் ஜீப்புக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். கணவர் மெதுவாக முன்னால் எடுத்தார். நான்கும் நசிந்தன.

"என்ர சில்லுக்கும் வையுங்கோ," என்றாள் மகள். "இதுவும் புதுசா இஞ்ச வந்திருக்கு."

பூசகர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் தட்டிலிருந்து இரண்டு தேசிக்காய் எடுத்து, மணல் இறுகிய இடத்தில் பின் சில்லுகளுக்கு முன்னால் வைத்தார். நான் தள்ளினேன். நசியவில்லை. கதிரை தேசிக்காயில் தட்டி நின்றுவிட்டது. அவ்வளவு பாரம் இல்லை அவள்.

"தள்ளுங்கோவன் அம்மா."

கைப்பிடிகளில் என் முழு உடம்பையும் போட்டு அழுத்தினேன். முதலில் ஒன்று, பிறகு மற்றது. தேசிக்காய் மணம் வந்தது. அவள் திரும்பிப் பார்த்து, "சரி, இனி உள்ளுக்குப் போவம்" என்றாள்.

வாசல்வரைக்கும் மணலில் கதிரை போகாது. கணவர் தூக்க வந்தார். நான் தூக்குகிறேன் என்றேன். தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று சொன்ன வாசலுக்கு, அவளுடைய கால்கள் என் தொடையில் இடிக்க இடிக்க, தூக்கிக்கொண்டு போனேன்.