ஹெட்செட்டில் கேட்ட பாங்கு

நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது நாங்கள் ஒன்பது பேர்தான். வெளிநாட்டு ஹோட்டல்களில் அறை பதிவு செய்கிறவர்களின் கேள்விகளுக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதும் வேலை. கண்டிக்கு வடக்கே பலாபத்வல என்ற சிற்றூரில், எங்கள் சமையலறைக்கு அடுத்த அறையில் மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். விடியற்காலையில் கண்டி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டில் இருப்பேன். அது எனக்குப் பெரிய விஷயம்.

மூன்று வருடத்தில் கம்பெனி மளமளவென்று பெருத்தது. வாடிக்கையாளர் வாயில் நுழைய வேண்டுமென்று எங்கள் எல்லோருக்கும் ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். இணையம் தாங்காது என்பதால் கேமரா போடமாட்டோம். யாருக்கு எந்த ஊர் என்று கேட்கும் பழக்கமும் நின்றுபோனது. பதினான்கு பேருக்கு என்னை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். திரையில் ஒரு பெயர், பக்கத்தில் பதில் எழுத எடுத்த நிமிடங்கள். அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர்களில் ஒருத்தியின் பதில்கள் ஒரு மாதமாகப் பிந்தின. இரண்டு முறை எச்சரித்து எழுதினேன். பிறகு அவளை நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நானே அழைத்துச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் அழைத்து, மேலிடம் அனுப்பியிருந்த வாக்கியங்களை ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினேன். பாதியில், ஜன்னல் வழியாக, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மோதினார் தொண்டையைச் செருமி பாங்கு சொல்வது கேட்டது. ஒரு நொடி பிந்தி அதே செருமல், அதே குரல், என் ஹெட்செட்டுக்குள் கேட்டது.

வாசிப்பதை நிறுத்தினேன்.

"நீங்க எங்க இருந்து பேசுறீங்க?" என்று தமிழில் கேட்டேன்.



"பலாபத்வல. பள்ளிவாசலுக்குப் பின்னால வீடு," என்றாள். "நீங்க தமிழா?"

மீதியை வாசிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கதவைத் திறந்தவளை எனக்குத் தெரியும். பேக்கரியில் பாண் வாங்க நிற்கும்போது எத்தனையோ முறை என் மகளின் கன்னத்தைக் கிள்ளியிருக்கிறாள். அவள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வாசலிலேயே நின்றேன்.

உள்ளே கட்டிலில் அவளைப் பெற்ற உம்மா. போன மாதம் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். தூக்கி இருத்துவதும் ஊட்டுவதும் இவள்தான்.

"இத ஏன் எனக்கு எழுதல?"

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள், கோபமே இல்லாமல்.

அன்றே மேலிடத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். முடிவை மாற்ற முடியாதென்று மறுநாள் இரண்டு வரியில் பதில் வந்தது. அதை நேரில் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்டாள்.

சில மாதம் கழித்து, தம்புள்ளை மரக்கறி மொத்த வியாபாரி ஒருவருக்குப் போனில் ஆர்டர் எடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. அதுவும் வீட்டிலிருந்துதான். நான் இன்னும் பழைய கம்பெனியில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் முதலில் ஊரையும், வீட்டில் யார் யார் என்பதையும் கேட்கிறேன். அதற்கு ஏன் இவ்வளவு நேரம் போகிறதென்று மேலிடம் ஒருமுறை விசாரித்தது.