கிரம்மிட்டின் கீழ்வயல்

பள்ளிச் சமையலறையை மூடிவிட்டு, சாப்பாட்டை வேனில் வரவழைப்பது என்று முடிவானபோது, இளமை முழுக்க அங்கே உருளைக்கிழங்கு மசித்த கிளெண்டா சவர்பியை அழைத்து, பிரிவுப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டார்கள். சுவர்க் கடிகாரம், பூந்தொட்டி என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார்கள்.

"மெட்டல் டிடெக்டர்" என்றாள் கிளெண்டா.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வாங்கிக் கொடுத்தார்கள்.

சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஓர் உழுத நிலம் இருந்தது. இலையுதிர் காலம் வந்தால் ஒரு மனிதர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கருவியைத் தரையோடு வீசியபடி, மெல்ல மெல்ல அதில் நடப்பார். பாத்திரம் கழுவிக்கொண்டே கிளெண்டா அவரைப் பார்ப்பாள். முந்நூறு பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே நின்றவளுக்கு, அந்த மனிதரை யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதே பெரிய பொறாமையாக இருந்தது.

அவளுக்கு வயது ஐம்பத்தாறு. கணவன் எப்போதோ ஸ்கெக்னெஸ் பக்கம் வேறொருத்தியோடு போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. லின்கன்ஷயரின் மேட்டுநிலத்தில், ஸ்கெல்பி கிராமத்தில் சின்ன வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை ஜானிஸ் வீட்டில் மதியச் சாப்பாடு. ஜானிஸின் கணவன் நெவில் பிளான்சர்ட் பழைய கார் விற்று ஓய்ந்தவன். தொழில்தான் ஓய்ந்தது, வாய் ஓயவில்லை.

கருவியைப் பழகுவது கஷ்டமாக இல்லை. தோட்டத்தில் வைத்துப் பார்த்தாள். இரும்பு உறுமும், நல்ல உலோகம் பாடும். ரெண்டு வாரத்தில் தோட்டம் தீர்ந்துவிட்டது. பாட்டில் மூடிகளும் தலையில்லாத ஈயச் சிப்பாய் பொம்மை ஒன்றும் கிடைத்தன. அதற்குமேல் எங்கே போவது? கண்ணுக்கு எட்டிய வரை நிலம்தான். ஆனால் ஒவ்வொரு காணிக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவர் வாயால் சரி என்று சொல்லாமல் கருவியோடு கால் வைத்தால் அது திருட்டு.

அந்த "சரி"யை வாங்கத்தான் அவளுக்கு வரவில்லை.

முதலில் பெரிய பண்ணைக்குப் போனாள். பச்சைப் புள்ளி போட்ட ராணுவக் கால்சட்டை, தோளில் கருவி. மேலாளர் கதவைப் பாதி திறந்தார்.

"இன்ஷூரன்ஸ் இருக்கா?"

"இருக்குங்க. டிடெக்டர் வச்சிருக்கறவங்க சங்கத்துல சேந்திருக்கேன்."

"இருந்தாலும் முடியாதும்மா. இங்க தேடறதுக்கு எங்களுக்குன்னு ஒரு கிளப் இருக்கு." மீதிக் கதவும் சாத்திக்கொண்டது.

அடுத்த பண்ணைக்காரன் நாயைப் பிடிக்கக்கூட இல்லை. "போன பனிக்காலத்துல இருட்டுல வந்து என் கோதுமைய நாசமாத் தோண்டிட்டுப் போனானுங்களே, அந்தக் கூட்டமா நீ?"

"இல்லங்க, நான் ஸ்கூல்ல சமையல்..."

"அப்ப போய்ச் சமை."

பாதிரியார் கல்லறைத் தோட்டம் என்றதும் முகம் சுளித்தார். ஊர் மன்றம் விளையாட்டு மைதானத்தைப் பற்றிக் கூடிப் பேசிவிட்டு, புல் கெட்டுவிடும் என்றது.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் இதெல்லாம் நெவிலுக்கு நல்ல தீனி. "அந்தக் கால்சட்டையோட, தோள்ல குச்சியோட போய் நின்னா யாரு கதவத் திறப்பா கண்ணு? கண்ணிவெடி எடுக்க வந்திருக்கான்னு பயந்திருப்பாங்க!"

"வேற எப்படிப் போறதாம்?"

"கைய வீசிட்டுப் போ. ஒரு சிரிப்பு சிரி. நாயப் பாத்து, 'அடடா, என்ன அழகு'ன்னு சொல்லு. நான் ஓடாத காரெல்லாம் அப்படித்தான் வித்தேன்."

"எனக்கு அது வராது, நெவில்."

உண்மைதான். வாழ்நாள் முழுக்க அவள் பரிமாறும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவள். தட்டை நீட்டிக் கேட்டது எதிரே நின்ற பிள்ளைகள். கேட்கிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த முகத்தைத் தானே போட்டுக்கொள்ள மட்டும் தெரியவில்லை.

மார்ச் மாதம், நல்ல மழையில், ஆம்ப்ரோஸ் கிரம்மிட்டின் பண்ணைக்குப் போனாள். அவர் எழுபது தாண்டிய கட்டைப் பிரம்மச்சாரி. கொஞ்சம் பார்லி, கொஞ்சம் ஆடு. பேச்சு குறைவு, கோபம் அதிகம் என்று ஊரில் பெயர். இந்த முறை கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். பாதையில் பாதி தூரம் வந்தபோது, வேலிக்கு உள்ளே சினைச் செம்மறியாடு ஒன்று மல்லாந்து கிடப்பதைப் பார்த்தாள். நாலு காலும் வானத்தைப் பார்த்து உதறிக்கொண்டிருந்தன. ஈரக் கம்பளியின் கனத்தில் அப்படி விழுந்த ஆடு தானாக எழாது, வயிறு ஊதிச் செத்துப்போகும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கிளெண்டா வேலிக் கம்பியில் கோட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். சூப் அண்டாக்களைத் தூக்கிய கை அவளுடையது. கம்பளியைக் கொத்தாகப் பிடித்து ஒரே தள்ளு. ஆடு எழுந்து தள்ளாடியது. அது நிதானத்துக்கு வரும் வரை தன் முழங்காலால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்தால், எதிரே டிராக்டரில் கிரம்மிட்.

"யாரைக் கேட்டு என் நிலத்துக்குள்ள வந்த?"

"யாரையும் கேக்கலைங்க. ஆடு செத்திருக்கும்."

"அது எனக்குத் தெரியாதா? வந்தது எதுக்கு?"

"உங்க நிலத்துக்குள்ள வரலாமான்னு கேக்கத்தான்."

கிழவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் தலையிலிருந்து சேறு வடிந்துகொண்டிருந்தது. அவர் தொண்டைக்குள் ஏதோ உருண்டது. அது சிரிப்பு என்று அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

"கேட்டை மூடணும். குழியை மூடணும். விதைச்ச வயல்ல கால் வைக்கக் கூடாது. அறுப்பு முடிஞ்சா கீழ்வயல்லயும் தேடிக்கோ. வேற ஏதாச்சும் இருக்கா?"

"இல்லங்க."

"அப்ப ஏன் நிக்கற? நனையுதுல்ல?"

அதுதான் அவள் வாங்கிய ஒரே அனுமதி. பிறகு ரெண்டு வருடம் அவளுக்கு அந்தப் பண்ணைதான் உலகம். தோட்டாக் குப்பிகள், கொக்கிகள், ஈயக் குண்டுகள், உழவுக் குதிரைகளின் லாடங்கள். எல்லாவற்றையும் கழுவி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, வருடத்துக்கு ரெண்டு தடவை கிரம்மிட்டின் சமையலறை மேசையில் கொட்டிக் காட்டுவாள். அவர் விரலால் கிளறிப் பார்த்து, "குப்பை" என்பார். "உக்காரு, டீ போடறேன்" என்றும் சொல்வார். கிளெண்டா ஒருமுறையும் உட்காரவில்லை. பூட்ஸ் முழுக்கச் சேறு, அவருக்கு எதற்குத் தொந்தரவு என்று நின்றபடியே காட்டிவிட்டுத் திரும்பிவிடுவாள். தந்த அனுமதிக்குத் தொந்தரவு தராமல் இருப்பதே பெரிய மரியாதை என்பது அவள் நினைப்பு.

ரெண்டாம் வருட அறுப்புக்குப் பிறகு, கீழ்வயலின் அடிவாரத்தில், கருவி பாடியது. மண்ணைப் பிளந்தால் நகத்தளவு வெள்ளிக் காசு. கோழி இறகு மாதிரி மெலிசு. ஏதோ ஒரு பழைய ராஜாவின் முகம், பிள்ளைகள் கிறுக்கியது போல. அவள் அங்கேயே மண்டியிட்டு, கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த மாதத்துக்குள் இன்னும் மூன்று கிடைத்தன. அருங்காட்சியகத்தில் இருந்த பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டினாள். யாரோ தவறவிட்டுச் சிதறியவையாக இருக்கலாம், பத்திரமாக வைத்திருங்கள் என்று படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தந்தாள் அவள். கிரம்மிட்டோ, "நீயே வச்சுக்கோ" என்று கையை வீசினார்.

சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காசுகளைப் பஞ்சில் சுற்றி எடுத்துப்போனாள். நெவில் கேலி செய்யவில்லை. முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு கேட்டான்.

"இது சிதறினது இல்ல, நெவில். நாலும் பள்ளத்துலதான் கிடைச்சுது. வருஷா வருஷம் ஏர் உழறப்ப மேட்டுலேருந்து இழுத்துட்டு வருது. மேட்டுல எங்கயோ ஒரு காசுப் பானை புதைஞ்சிருக்கணும்." தட்டிலிருந்த இறைச்சிக் குழம்பில் முள்கரண்டியால் கோடு இழுத்து, சரிவு இப்படி, உழவு இப்படி என்று காட்டினாள். "மேட்டுல இப்ப குளிர்காலப் பயிர் விதைச்சிருக்கு. அடுத்த அறுப்பு வரைக்கும் காத்திருக்கணும்."

"நானும் ஒரு நாள் வரட்டுமா கண்ணு? சும்மா, துணைக்கு?"

கிளெண்டா கிரம்மிட்டிடம் போய்க் கேட்டாள். தனக்காகத் திறக்காத அவள் வாய், தங்கை புருஷனுக்காக எளிதாகத் திறந்தது. "நல்லவருங்க. நான் ஜவாப்தாரி."

நெவில் முதல் நாளே கிழவரின் நாயின் பெயர், வயது, தாய் தகப்பன் எல்லாம் தெரிந்துகொண்டான். கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய லேண்ட்ரோவர் வண்டியின் கீழே படுத்து எழுந்தான். அடுத்த வாரம் விஸ்கியோடு வந்தான். கிளெண்டா வயலில் நடந்துகொண்டிருக்க, சமையலறையிலிருந்து ரெண்டு ஆண்கள் சிரிக்கும் சத்தம் கேட்கும். கிரம்மிட்டுக்குச் சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நல்லதுதான், கிழவருக்கும் ஒரு பேச்சுத் துணை என்று நினைத்தாள்.

வசந்தத்தில் அவளுக்கு முழங்கால் அறுவை. மாதக்கணக்கில் வீட்டோடு கிடந்தாள். ஜானிஸ் ரொட்டியும் சூப்பும் கொண்டுவந்து வைப்பாள். நெவில் எங்கே என்று கேட்டால், "அவருக்கு வேல" என்பாள்.

ஆகஸ்டில் பார்லி அறுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், கைத்தடியோடு பஸ் பிடித்துப் போனாள். கேட்டில் புதுப் பூட்டு. உள்ளே நெவிலின் வேன். மேட்டில் நெவிலும், அவள் முன்பின் பார்த்திராத ரெண்டு பேரும் நடந்துகொண்டிருந்தார்கள். அவள் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறந்த கிரம்மிட் அவளைப் பார்த்துத் திகைத்தார்.

"முட்டி போச்சு, இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டியாமே. வயல நெவிலுக்குக் குடுத்துட்டதா அவன் சொன்னான்."

"நான் அப்படிச் சொல்லலைங்க."

கிழவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடம் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"இத பாரு. அவனுக்கு வாக்குக் குடுத்துட்டேன். என் வண்டியை ஓட வச்சவன் அவன். வாராவாரம் வந்து உக்காந்து பேசறான். நீ ரெண்டு வருஷம் வந்த. அந்த நாற்காலில ஒரு தடவை உக்காந்திருப்பியா? என் மூஞ்சி உனக்குப் பிடிக்கலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னுதான்..."

"தொந்தரவா இருக்கும்னு நான் சொன்னனா? டீ வேணுமான்னு கேட்டேன், வேணாம்ன. எத்தனை தடவை கேக்கறது?" குரல் தணிந்தது. "உங்க குடும்பச் சண்டைய என் நிலத்துல வச்சுக்காதீங்க. நீங்களே பேசித் தீத்துக்கங்க."

வேனுக்குப் பக்கத்தில் நெவில் அவளை எதிர்கொண்டான். சிரித்த முகம் மாறவில்லை. "உன் நல்லதுக்குத்தான் கண்ணு. இந்தக் காலோட இந்தச் சரிவுல ஏறுவியா? விழுந்து கிடந்தா யாரு பாக்கறது?"

"மேட்டுல தேடணும்னு உனக்கு யாரு சொன்னா?"

"அட, அதெல்லாம் யாரு வேணா யோசிக்கக்கூடிய விஷயம்தானே."

ஜானிஸிடம் போனாள். ஜானிஸ் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "மண்ணுக்குள்ள கிடக்கறதுக்காக என் வீட்டு நிம்மதியக் கெடுக்காத கிளெண்டா. வேலைய விட்டதுலேருந்து அவரு சோபாவுலயே கிடந்தாரு. இப்பதான் மனுஷனா நடமாடறாரு. உனக்கு வேற வயலா கிடைக்காது?"

செப்டம்பரில் பானை கிடைத்தது. கீழ்வயலின் மேட்டில், வேலியோரமாக, ஏரில் பாதி உடைந்து, வாய் வரை வெள்ளிக் காசு. உள்ளூர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் நெவிலும் கிரம்மிட்டும் தோளில் கை போட்டு நின்றார்கள். "மேட்டுல பாக்கணும்னு உள்ளுக்குள்ள ஏதோ சொல்லுச்சு" என்று நெவில் சொல்லியிருந்தான். கிளெண்டா அதைக் கடையில் நின்றபடியே படித்துவிட்டு, பத்திரிகையை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தாள். கடைக்காரி, "உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானே! குடுத்து வச்சவங்க" என்றாள். கிளெண்டா பாலுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வந்தாள்.

சில வாரம் கழித்து அருங்காட்சியகத்துப் பெண் போனில் கூப்பிட்டாள். அவளுக்கும் சொல்லக் கூச்சமாக இருந்தது. "கிளெண்டா, உங்ககிட்ட இருக்கற நாலு காசும் அந்தப் பானையோடதுதான். ஒரே புதையல்னு ஆயிட்டா, சட்டப்படி எல்லாம் ஒண்ணாச் சேரணும். நீங்க கொண்டாந்து குடுத்துட்டா நல்லது."

கொண்டுபோய்க் கொடுத்தாள். பஞ்சை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டாள். மறு வருடம் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாக் காசுகளையும் பரப்பி வைத்தபோது, அவளுடையவை எவை என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கீழே நெவிலின் பெயர் இருந்தது.

கொஞ்ச நாள் அவள் தங்கை வீட்டுக்குப் போகவில்லை. பிறகு போனாள். ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏன் என்று. நெவில் அவள் தட்டில் இறைச்சியைத் தாராளமாக வைத்தான். பழையதை யாரும் பேசவில்லை. ஜானிஸ் அவளுக்கு ஒரு நல்ல கம்பளி மேலங்கி வாங்கிக் கொடுத்தாள். எதற்கு என்று கிளெண்டா கேட்கவில்லை.

முழங்கால் தேறியதும், பக்கத்து ஊரில் குதிரை வளர்க்கும் ஒரு விதவையின் கதவைத் தட்டினாள். கை வீசிக்கொண்டு போனாள். சிரித்தாள். நாயை அழகு என்றாள். அது கோணல் வாய்க் கிழட்டு நாய். உள்ளே போய் உட்கார்ந்து, டீ குடித்து, அந்த அம்மாளின் இடுப்பு வலியையும் மருமகளின் குறைகளையும் பொழுது சாயும் வரை கேட்டாள். அனுமதி கிடைத்துவிட்டது. இவ்வளவு சுலபமா என்று திரும்பும் வழியில் அவளுக்கு வாய் கசந்தது.

அந்தக் குதிரை மேய்ச்சலில், இலையுதிர் காலத்தில், அவளுக்குச் சின்னதாக ஒரு தங்க மோதிரம் கிடைத்தது. உள்வட்டத்தில் பழைய எழுத்து, சுற்றிலும் பூ வேலை. விதவைக்குக் காட்டினாள். அருங்காட்சியகத்துக்கு முறைப்படி தெரிவித்தாள். கண்டெடுத்தவர் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் ரெண்டு முறை சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழம்பை ஊற்றிக்கொண்டே நெவில் கேட்டான். "என்ன கண்ணு, இப்பல்லாம் எங்க தேடற? ஏதாச்சும் கிடைக்குதா?"

ஜானிஸும் நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயதில் கடற்கரையில் அக்கா எடுத்த சிப்பியைப் பார்க்க ஓடிவருவாளே, அதே ஆவல் அவள் முகத்தில் இருந்தது.

"ஆணிதான்" என்றாள் கிளெண்டா. "வெறும் ஆணி."