சுங்காயிலிருந்து ஈப்போவுக்கு ஒரு பிரவுன் பெல்ட் பயணம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சுங்காய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. வயது முப்பத்தொன்று. ஞாயிறுதோறும் கராத்தே பழக ஈப்போவுக்குப் போவேன் என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. அப்போதும் நம்பவில்லை. நெடுஞ்சாலையை விட்டுவிட்டுப் பழைய சாலையில் ஈப்போ போக வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். அந்தச் சாலையில் நான் நடுங்கிக்கொண்டே போன ஒரு பயணத்தைச் சொல்கிறேன்.

நடுக்கத்துக்குக் காரணம் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் பிரவுன் பெல்ட் சோதனையில் தோற்றிருந்தேன். குத்து எதிரில் நிற்பவர் உடம்பில் இறங்கக் கூடாது, நூலிழையில் நிற்க வேண்டும். நான் விட்ட குத்தில், கூடப் பழகிய கணேசன் என்கிற லாரி டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “இன்னொரு தடவ ஆள அடிச்சா, வகுப்புக்கே வர வேணாம்” என்று தலைமைச் சோதகர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

எங்கள் மாஸ்டர் ரீத்தா என்னைவிட ஐந்து வயது இளையவர். வாரநாளில் தட்டச்சு வேலை. அவர் உதைத்தால் கால்சட்டை படாரென்று சத்தம் போடும், எதிரே நிற்பவர் மேல் தூசிகூடப் படாது. அப்படி ஓர் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. தோற்ற அன்று என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அக்கா, மரத்த எவ்வளவு ஆழம் வெட்டுவீங்க?”

“பட்டைய மட்டும்தான் மாஸ்டர். உள்ள கட்டைல பட்டா மரத்துக்குக் காயம் லா. வேலைய மேய்க்கிற மண்டோர் கத்துவாரு.”

“எங்க நிறுத்தணும்னு எப்படித் தெரியுது?”

“கத்தி பட்டைல படும்போதே கைக்குத் தெரிஞ்சிரும்.”

“அதான் இங்கயும் பட்ட பிறகு நிறுத்தப் பாக்குறீங்க. காத்துல உங்க கைக்கு ஒன்னும் தெரியல.” தன் கராத்தே சட்டையை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார். “இதுதான் பட்டை. சட்டைல படலாம். உள்ள இருக்குற ஆளுக்குக் காயம் வரக் கூடாது.”

ஆறு மாதமும் கொடியில் காயப்போட்ட துணியைக் குத்தினேன். தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், எல்லாரும் சிரித்தார்கள்.

சோதனை ஞாயிறு மூன்று மணிக்கு. அன்றும் வெட்டு இருந்தது. ஐந்தரைக்கு மரத்தடியில் நின்றேன். பதினொன்றரைக்குப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு மைல் சைக்கிள் மிதித்து, பன்னிரண்டேகாலுக்குப் பஸ் பிடித்தேன். பீடோர், தாப்பா, கம்பார் வழியாக ஐம்பது மைலுக்குக் கொஞ்சம் மேல். கட்டணம் இரண்டு வெள்ளி அறுபது காசு. கம்பாரில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார்.

“அண்ணே, மூணு மணிக்குச் சோதனை. சீக்கிரம் போலாமா?”

“என்னா சோதனை, தையலா?”

“கராத்தே.”

பாதி டீயை வைத்துவிட்டு ஏறினார். ஈப்போ வரை கண்ணாடியில் அடிக்கடி என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இறங்கும்போது மணி இரண்டு ஐம்பது. கை கழுவ நேரமில்லை. மண்டபத்தில் என் பெயரைக் கூப்பிட்டு, எதிரே நிற்க ஆள் கேட்டதும் கணேசன் எல்லாருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டார். “கோவிச்சுக்காதீங்க அக்கா, நான் வரல லா.” வேறு யாரும் வரவில்லை. ரீத்தா மாஸ்டரே எழுந்து வந்து என் எதிரே நின்றார். நின்றவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நம்பிக்கையைக் கெடுப்பதைவிட வகுப்பைவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது.

ஐந்து குத்து. ஒவ்வொரு முறையும் துணி கைக்குத் தெரிந்தது, நிறுத்தினேன். சோதகர் கிட்டே வந்து மாஸ்டரின் சட்டையைப் பார்த்தார். வயிற்றுக்கு மேலே, என் கையில் வியர்வையோடு பிசுபிசுத்த ரப்பர் பால் ஐந்து தடவையும் ஒரே இடத்தில் ஒட்டி, காசு அளவுக்கு ஒரு கறை.

“வலிக்குதா?”

“சட்டைக்குத்தான் அடி” என்றார் மாஸ்டர், கண்ணைத் திறந்து. சோதகர் என் பெயருக்கு நேரே தேர்ச்சி என்று எழுதினார்.

போகிறவர்களுக்கு: இப்போது காரில் பழைய சாலையில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், கம்பாரில் நின்று சாப்பிடுங்கள். தோட்டத்தைத் தேட வேண்டாம், ரப்பர் போய் எல்லாம் எண்ணெய்ச் செம்பனை. கராத்தே பழக நினைக்கிற அக்காமார் வயதைப் பார்க்காமல் வகுப்பில் சேருங்கள்.

பால் கறை எத்தனை முறை துவைத்தாலும் போகாது. புதுச் சட்டை வாங்கித் தருகிறேன் என்றேன், மாஸ்டர் கேட்கவில்லை. கிழியும்வரை அதையே போட்டுக்கொண்டு வகுப்பெடுத்தார். புதிதாக வருகிறவர்கள் கேட்டால் கறைமேல் விரலை வைத்து, “இது வரைக்கும்தான் வரலாம்” என்பார்.