றோஸ்மலரின் முதுகும் 312ஆம் இலக்கமும்

டென்மார்க்கில் பதினொரு வருடம் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த றோஸ்மலர், லண்டனுக்கு வந்து ஸ்ட்ரெதமில் ஒரு சிகிச்சை நிலையத்தில் பில் எழுதச் சேர்ந்தார். நிலையம் டொக்டர் பத்ரிநாராயணனுடையது. அவர் சென்னைக்காரர். வேலையிடத்தில் அடிபட்டவர்கள்தான் அங்கே அதிகம் வருவார்கள். செலவை முதலாளிமாரின் காப்புறுதி நிறுவனம் கொடுக்கும். எந்தச் சிகிச்சைக்கு எந்த இலக்கம், எவ்வளவு கட்டணம் என்று அந்த நிறுவனம் வருடந்தோறும் நாற்பத்துமூன்று பக்கத்தில் பட்டியல் அனுப்பும். இலக்கம் பிசகினால் பில் திரும்பி வரும்.

ஒன்றும் திரும்பக்கூடாது என்பது றோஸ்மலரின் பிடிவாதம். புதியதற்கு மஞ்சள், மாறியதற்குப் பச்சை, நீக்கியதற்குச் சிவப்பு என்று கோடு போட்டு பஸ்ஸில் படிப்பார். ஞாயிறு பூசையில் செபப் புத்தகத்துக்குள் வைத்தும் படித்தார். பிரசங்கத்தின் நடுவே தோள்மூட்டு நீக்கப்பட்டிருப்பதைக் கண்டு “யேசுவே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பக்கத்திலிருந்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

அப்படிப் படித்தும் 2007 ஏப்ரலில் மூன்று கிழமைக்குள் ஒன்பது பில் திரும்பி வந்தது. எல்லாவற்றிலும் காப்புறுதி நிறுவனத்துப் பீற்றரின் கையெழுத்து. இருவரும் மூன்று வருடமாகத் தொலைபேசியில் சண்டை பிடிப்பவர்கள்; இங்கிலீசில், மிக மரியாதையாக. பீற்றருக்கு இவர் வெறும் ரோஸ்.

பிழை தன்னுடையதோ என்று ஒத்துப்பார்க்க, பழைய பட்டியல் பெட்டியை அலுமாரியின் மேலிருந்து இறக்கினார். முதுகு பிடித்துக்கொண்டது. பெட்டி கவிழ்ந்தது.

டொக்டர் ஓடிவந்து கட்டிலில் படுக்கவைத்தார். வேலையிடத்துக் காயம் என்பதால் றோஸ்மலருக்கும் காப்புறுதி உண்டு. அதுவும் அதே நிறுவனம். படிவத்தைத் தானே நிரப்புவதாக டொக்டர் சொன்னார். தரையில் கிடந்த பட்டியல்களில் கைக்கு வந்ததை எடுத்துப் பார்த்து, முதுகுக்கு 312 என்று எழுதி அனுப்பினார்.

நாலாம் நாள் கணினி அச்சடித்த அனுமதிக் கடிதம் வந்தது. இடது கணுக்காலுக்கு ஆறு தடவை சிகிச்சை.

“முதுகுக்குத்தானே நம்பர் போட்டேன்?” என்றார் டொக்டர்.

“நீங்கள் போட்டது போன வருசத்து முதுகு, டொக்டர். இந்த வருசம் 312 கணுக்கால்.”

படுத்தபடியே பீற்றருக்கு அழைத்தார். 312 முதுகுதான், பட்டியல் தன் மேசையிலேயே இருக்கிறது என்று பீற்றர் பணிவாக இங்கிலீசில் சொன்னார். மறுத்துப் பேச நிமிர்ந்த றோஸ்மலருக்கு வலி கொளுவிப் பிடித்தது. “ஐயோ அம்மா, செத்தன்” என்று தமிழ் வந்துவிட்டது.

மறுமுனையில் குரலைத் தணித்து பீற்றர் கேட்டார்: “அக்கா, நீங்கள் தமிழோ?”

“ஓம். நீர்?”

“நானும்தான். ஊர் மானிப்பாய்.”

மூன்று வருடத்துக் கோபத்தை எங்கே வைப்பதென்று றோஸ்மலருக்குத் தெரியவில்லை. “தம்பி, உம்மட லிஸ்ற்றில என்ன வருசம் போட்டிருக்கெண்டு பாரும்” என்றார்.

தாள் புரண்டது. “ரெண்டாயிரத்தி ஆறு,” என்றார் பீற்றர். “புதுசை எனக்கு இன்னும் தரேல்லை, அக்கா. உங்களிட்ட இருக்கோ?”

நாற்பத்துமூன்று பக்கத்தையும் டொக்டரைக் கொண்டு ஃபாக்ஸ் செய்வித்தார். எல்லாக் கோடும் கறுப்பாகப் போய்ச் சேர்ந்தது. எது மாறியது, எது நீங்கியது என்று படுத்தபடியே ஒரு பின்னேரம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கிழமையே ஒன்பது பில்லும் தேறின; முதுகுக்கும் அனுமதி வந்தது.

அடுத்த ஏப்ரலில், புதுப் பட்டியலில் என்ன மாறியது என்று கேட்க பீற்றரே முதலில் அழைத்தார். அழைப்புகள் பதிவாகும் என்பதால் பழையபடி இங்கிலீசில்தான் பேசினார்கள். ரோஸ் என்று வர வேண்டிய இடத்தில் மட்டும் அக்கா வந்தது.