சைக்கிள் ஏறினால் வராத வலி

கணபதி என்ற ஊருக்குப் பக்கத்து நூல் மில்லில் செங்கோடக் கவுண்டர் பார்த்தது நடக்கிற வேலை. நூற்பு இயந்திரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும், அறுந்த இழையை ஒட்ட வேண்டும், திரும்ப வேண்டும். ஷிப்டு முழுக்க அதுதான். வயது ஐம்பதைத் தாண்டியதும், பாதி தூரம் போவதற்குள் இடுப்பிலிருந்து இறங்கிய வலி இரண்டு கெண்டைக்காலையும் பிடித்துக்கொண்டது. பாதம் மரத்துப் போனது. ஜன்னலில் கையூன்றிக் குனிந்து நின்றால் சற்று நேரத்தில் விட்டுவிடும். அதற்குள் இழைகள் அறுந்து தொங்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம், உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டு மேஸ்திரி கோவிந்தராஜுலுவிடம் போய் நின்றார்.

"ஏனுங் கவுண்டரே, துடியலூர்லிருந்து தெனம் சைக்கிள் மிதிச்சு வாரீங்க. நேத்து என்னையவே முந்திப் போனீங்க. மில்லுக்குள்ள வந்தாத்தான் கால் வலிக்குமாக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சைக்கிளில் ஏன் வலிப்பதில்லை என்பது கவுண்டருக்கே விளங்கவில்லை. பாசாங்கு என்று முடிவானால் வேலையே போய்விடும்.

பொய்யைப் பிடித்துவிடும் உறுதியோடு மேஸ்திரியே அவரை டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் வராந்தாவில் நடக்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் கவுண்டர் பெஞ்சைப் பிடித்துக் குனிந்தார்.

"குனிஞ்சா விட்டுருதுங்களா?"

"விட்டுருதுங்க."

"இதே ஆளு சைக்கிள்ல பறக்கறாருங்க டாக்டர்," என்றார் கோவிந்தராஜுலு.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "சைக்கிள்ல குனிஞ்சுதானுங்களே உக்காரோணும்? முதுகெலும்பு தேஞ்சு, நரம்பு போற வழி குறுகிப்போச்சுங்க. நிமிந்து நடந்தா நெரிக்கும். குனிஞ்சா வழி கொஞ்சம் விரியும். அவரு பொய் சொல்லலீங்க."

"மருந்து சாப்பிட்டா தேஞ்சது வளருங்களா?" என்று கேட்டார் கவுண்டர்.

"வளராதுங்க. வலியைக் குறைக்கலாம். நடையைக் குறைங்க. ஒண்ணுக்குப் போறதுல சிக்கல் வந்தாலோ, பாதம் தூக்க வராம போனாலோ அன்னைக்கே ஓடி வந்துருங்க."

திரும்பும் வழியில் மேஸ்திரி சொன்னார்: "கழிவுப் பஞ்சு பிரிக்கற எடந்தானுங்க காலி. பொம்பளைங்களோட உக்காரோணும். கூலியும் கம்மி."

"எங்க உக்காரோணும், காட்டுங்க."

மறுநாள் பஞ்சுக் குவியலருகே நஞ்சம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். "வாங்கண்ணா. நாளைக்கு உங்களுக்கும் சேத்து ஒரு மொழம் பூ வாங்கியாறட்டுங்களா?"

கொட்டகையே சிரித்தது. கோபித்துக்கொள்ளக்கூடக் கவுண்டருக்குத் தெம்பில்லை. பஞ்சை மடிக்கு இழுத்துக்கொண்டு குனிந்தார்.