அக்காவுக்கு இறங்கத் தெரியாது

எங்க அக்காவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும், இறங்கத் தெரியாது. சிரிக்காதீங்க, எங்க வீட்ல எல்லாரும் ஒத்துக்கிட்ட உண்மை இது. காலையில காம்பவுண்ட் சுவரைப் பிடிச்சு ஏறி வேலைக்குப் போவா. அங்க யாரு இறக்கி விடறாங்கன்னு கேட்டா, வாட்ச்மேன்னுவா. சாயங்காலம் தெருமுனை திரும்பினதும், "புடிங்கப்பா!"ன்னு ஒரு கத்து கத்துவா.

அதுக்காகவே அப்பா வாசல்ல காத்திருப்பார். குரல் கேட்டதும் முதல் வேலையா பல்செட்டைக் கழட்டிச் சட்டைப் பாக்கெட்டுல போடுவார். ஓடும்போது விழுந்துட்டா என்ன பண்றது? அக்கா செஞ்ச பல்லாச்சே! அவ பல்செட் செய்யற லேபுல வேலை பாக்கறா. மெழுகுல ஒவ்வொரு பல்லா நட்டு, அப்பாவோட பழைய பல் மாதிரியே ஒண்ணை லேசா கோணலாக்கூட வச்சிருந்தா. அப்பா ஓடி வந்து கேரியரைப் பிடிச்சு, பொக்கை வாயோட "புடிச்சாச்சும்மா"ன்னுவார். அப்புறம்தான் மகாராணி தரையில கால் வைப்பா.

போன வருஷம் அப்பா போயிட்டார். கிட்னி. அதுக்கப்புறம் அக்கா பஸ்லதான் வேலைக்குப் போனா. அவர் கிடந்த வார்டுக்கு டயாலிசிஸ் மிஷின் வாங்க, ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு சைக்கிள் பயணம் நடத்தறாங்கன்னு கேள்விப்பட்டதும் அக்கா பேர் கொடுத்துட்டு வந்துட்டா.

"அப்பாவுக்காக ஓட்டறது. எங்கயும் விழாம முடிக்கணும். கடைசியில புடிக்க ஆள் வேணும். நீ வா."

"நானா? ஊரே வேடிக்கை பாக்கும்போது உன் பின்னாடி ஓடணுமா? உனக்கென்ன மறை கழண்டுடுச்சா?"

"ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் ஏத்தி இறக்கற. கூடப் பொறந்தவளை இறக்க மாட்டியா?"

நான் ஸ்கூல் வேன்ல ஆயா. சமயம் பாத்து குத்திட்டா. முடியவே முடியாதுன்னு சொல்லிட்டேன்.

ஆனா மனசு கேக்குதா? அன்னைக்குக் காலையில, சும்மா வேடிக்கை பாக்கத்தான்னு எனக்கே ஒரு பொய்யைச் சொல்லிட்டுப் போய் நின்னேன். வந்தவங்க எல்லாரும் அவங்கவங்க வீட்ல போனவங்க போட்டோவைச் சட்டையில குத்தியிருந்தாங்க. அக்கா மட்டும் வெறும் சட்டையோட, அப்பாவோட பழைய கனத்த சைக்கிளை விளக்குக் கம்பத்துல சாய்ச்சு ஏறிட்டிருந்தா.

"அப்பா போட்டோ எங்கக்கா?"

பாக்கெட்டுலேருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரிச்சா. பல்செட்!

"கருமம்! இதை ஏன் தூக்கிட்டு வந்தே?"

"அப்பா ஓடணும்னா இது பாக்கெட்டுலதானே இருக்கணும்?"

அப்படியே கிளம்பிப் போயிட்டா. நான் நேரா பயணம் முடியற இடத்துக்குப் போயிட்டேன்.

அங்க மைக் பிடிச்ச ஒருத்தர் வர்றவங்களையெல்லாம் பாராட்டிட்டிருந்தார். பாதிப் பேர் வீட்டுக்கே போனப்புறம் அக்கா வந்தா. முகம் செவசெவன்னு, முடியெல்லாம் கலைஞ்சு. கோட்டைத் தாண்டினதும் கத்தினா பாருங்க:

"புடிங்கப்பா!"

மைக்குக்காரர் சுத்தும் முத்தும் அப்பாவைத் தேடறார். இருந்த கூட்டமும் தேடுது. என் செருப்பு எங்க போச்சுன்னு தெரியல, ஓடிப் போய் கேரியரைப் பிடிச்சேன். வாயில தானா வந்துச்சு: "புடிச்சாச்சும்மா."

அக்கா இறங்கல. ஹேண்டில்பார்ல தலையைக் கவுத்துக்கிட்டு விசும்பினா. நான் கேரியரை விடாம ஓன்னு அழுதேன். "யாருக்காவது அடிபட்டுடுச்சா?"ன்னு மைக்குல கேக்கறார் அந்த மனுஷன்.

அடுத்த வாரம் மறுபடி சைக்கிள்ல கிளம்பின அக்கா சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டா. எடுத்துட்டு ஆட்டோ பிடிச்சு, முதல் தடவையா அவ லேபுக்குப் போனேன். கடைக்கு மேல மாடியில ஒரு ரூம், தெருவுலேருந்தே படிக்கட்டு. கேட் இல்ல, வாட்ச்மேனும் இல்ல. நான் முழிச்சிட்டு நிக்கும்போதே அக்கா சைக்கிள்ல வந்தா. பிரேக் போட்டா, கால் ஊனினா, அழகா இறங்கி ஸ்டாண்ட் போட்டா.

"அடிப்பாவி! எத்தனை வருஷமா இந்தக் கூத்து?"

அக்கா அசட்டுச் சிரிப்பு சிரிச்சா. "ஓட்டக் கத்துக்கிட்ட மறுவாரமே வந்துடுச்சு. அப்பாவுக்கு ஓடி வந்து பிடிக்கறதுல அவ்வளவு குஷி. அதை ஏன் கெடுக்கணும்?"

"அப்போ அந்த மனுஷனை ஏமாத்தியிருக்க!"

"அவரா ஏமாறுவார்? ஒரு நாள் இந்தப் பக்கம் வந்தவர், எதிர்க் கடையில நின்னு நான் இறங்கறதைப் பாத்துட்டார். ஒரு வார்த்தை கேக்கல. சாயங்காலம் நான் பயந்துக்கிட்டே தெருமுனை திரும்பறேன். மனுஷன் வாசல்ல நின்னு பல்லைக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுட்டிருக்கார்."