உறவு எழுதும் கட்டம்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் நான் எடுக்கும் தமிழ் வகுப்பில், பதினொரு பிள்ளைகளுக்கு உறவுமுறைப் பாடம் நடத்தினேன்.
2. வீட்டில் இருப்பவர்களை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். நான்கு கட்டங்கள்: எண், பெயர், வயது, உறவு.
3. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவிலிருந்து படகில் வரும் பன்னிரண்டு வயதுப் பெண், தன் அத்தையோடு வாழும் பெண்ணுக்கு நேரே நான்காவது கட்டத்தில் ‘அத்தையோட ஜோடி’ என்று எழுதினாள்.
4. சரியா என்று கேட்டாள். சரி என்றேன். சிவப்பு மையில் டிக் போட்டேன்.
5. பொங்கலன்று பதினொரு தாள்களையும் மண்டபச் சுவரில் ஒட்டினேன்.
6. ஒரு பிள்ளையின் அம்மா அந்தத் தாளைப் போனில் படம் எடுத்தார்.
7. ஒரு வாரத்துக்குள் அந்தப் படம் கோயில் கமிட்டிக்காரர்கள் எல்லோருடைய போனிலும் இருந்தது. டாலாவில் வார்டு ஆபீஸ் எழுத்தர் ஒருவரின் போனிலும் இருந்தது. யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.
8. கமிட்டி என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னது.

இதில் தவறு எங்கே என்று கேட்டால் கமிட்டி நான்காவதைக் காட்டும். நான் ஐந்தாவதைக் காட்டுவேன்.

நான் மின்னணுவியல் டிப்ளமா படித்தவள். வேலை நாட்களில் இன்வெர்ட்டரும் சோலார் பேட்டரியும் சோதிக்கிறேன். கரண்ட் இல்லாத இந்தப் பர்மா ஊரில் அதற்கு வேலை குறைவதே இல்லை. ஞாயிறு காலை மட்டும் தமிழ் வகுப்பு. என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பேச்சு பர்மா மொழியில்தான் வரும். அதனால் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து பாடத்தைத் தொடங்குவது என் பழக்கம். உறவுமுறைக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தபோது வீட்டுப் பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வார்டு ஆபீஸில் பதிந்து தரும் தாள் அது. யார் யார் அந்த வீட்டில் இருக்கிறார்கள், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று அதில் எழுதியிருக்கும். பள்ளியில் சேர, அடையாள அட்டை எடுக்க, எதற்கும் அது வேண்டும். இங்கே ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட அந்தத் தாளின் வடிவம் தெரியும். அதே வடிவத்தில் என் பாடத்தாளை வரைந்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் மலேசியாவில் வேலை செய்கிறார்கள். அவளை வளர்ப்பது அத்தையும், அவள் ‘டோடோ’ என்று கூப்பிடும் பர்மாக்காரப் பெண்ணும். டோடோ என்றால் பர்மா மொழியில் சித்தி, அத்தை, யாராகவும் இருக்கலாம். டீச்சரை இங்கே ‘சயாமா’ என்பார்கள். வகுப்பில் அவள் கேட்டது இதுதான்:

“சயாமா, டோடோவுக்கு உறவுல என்ன எழுதணும்?”

“டோடோ யாரு உனக்கு?”

“எனக்கு யாருமில்ல. அத்தைக்குத்தான். அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்காங்க, அப்பா அம்மா மாதிரி.”

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். “ரெண்டு பொம்பளையா?”

“ஆமா,” என்றேன். “சில வீட்டுல ஒரு ஆணும் ஒரு பெண்ணும் சேந்து இருப்பாங்க. சில வீட்டுல ரெண்டு பெண்ணு. சில வீட்டுல ரெண்டு ஆணு. அதுவும் குடும்பம்தான். எழுது.”

“அப்ப ஜோடின்னு எழுதவா?”

“எழுது.”

“எங்க தாத்தாவுக்கு ரெண்டு பாட்டி, சயாமா. ரெண்டு வரி எழுதலாமா?” என்றாள் இன்னொருத்தி. அதில் எல்லோரும் சிரித்தார்கள், முதல் கேள்வியை மறந்துவிட்டார்கள். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

கமிட்டித் தலைவருக்கு பபேடான் கடைத்தெருவில் இரும்புக் கடை. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அறையில் அவரும் செயலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

“சின்னப் பிள்ளைங்ககிட்ட இதெல்லாம் பேசக் கூடாதுன்னு சட்டமே இருக்கும்மா,” என்றார் தலைவர்.

“எந்தச் சட்டம், ஐயா?”

“முந்நூத்தி எழுபத்தேழு.”

“அதைப் படிச்சிருக்கீங்களா?”

“படிச்சா தெரியணும்? ஊருக்கே தெரிஞ்சதுதானே.”

நான் படித்திருந்தேன். கூப்பிட்டு அனுப்பிய அன்றே பர்மா மொழியிலும் இங்கிலீஷிலும் தேடிப் படித்தேன். வெள்ளைக்காரன் எழுதிய பிரிவு அது. எங்கள் கொள்ளுத்தாத்தாக்களைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கக் கப்பலில் ஏற்றிவந்த அதே அரசாங்கம் எழுதியது. இயற்கைக்கு மாறான உடலுறவு குற்றம் என்கிறது. இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிடுவதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. பிள்ளைகளிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்றும் ஒரு சொல் இல்லை. அப்படிச் சொல்லக் கூடாது என்று தனியாகச் சட்டம் போட்ட நாடுகள் உலகத்தில் இருக்கின்றன. அங்கே ஒருவன் உட்கார்ந்து அதை எழுத வேண்டியிருந்தது, கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, வெளியிட வேண்டியிருந்தது. எதிர்ப்பவர்களுக்கு எதிர்க்க ஒரு காகிதமாவது கிடைத்தது. எங்களுக்கு அதுவும் இல்லை. ஒரு எண்ணைச் சொன்னால் போதும், எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இதைச் சொன்னேன், இவ்வளவு நீளமாக இல்லை. செயலாளர் சிரித்துக்கொண்டே, “சயாமா இன்வெர்ட்டர ரிப்பேர் பண்ணட்டும். குடும்பத்த ரிப்பேர் பண்ண வாணாம்,” என்றார். தலைவரும் சிரித்தார். நான் டீயைக் குடித்தேன்.

தலைவரின் மகள் கல்யாணம் டிசம்பரில்தான் நடந்தது. மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வந்தவர் ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவர். இந்தப் பக்கத்துத் தெருக்களில் அவரைவிட நன்றாகப் பொட்டு வைக்க ஆள் கிடையாது. பாதிக் கல்யாணங்களுக்கு அவர்தான். அவரோடு வாழ்கிற ஆள் அலங்காரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். என் வகுப்புப் பிள்ளைகளில் நான்கு பேர் அந்த அறைத் தரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். “ஏய், உன் புருஷன் சாப்ட்டானா?” என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவரும் வாய்க்கு வாய் பதில் சொன்னார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவரே வந்து இருவருக்கும் தாம்பூலம் வைத்துக் கொடுத்தார்.

அதை அவருக்கு நினைவூட்டினேன். “அன்னைக்குப் பிள்ளைங்க பாத்துக்கிட்டுதானே இருந்தாங்க, ஐயா?”

அவர் கோபப்படவில்லை. எனக்குப் புரியவில்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். “பாக்குறது வேற, சொல்லிக் குடுக்குறது வேறம்மா.”

இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் என் கோபம் எல்லாம். பிள்ளைகள் பார்க்கலாம். சிரிக்கலாம். கேலியில் ‘புருஷன்’ என்ற சொல்லை நூறு முறை கேட்கலாம். யாராவது சிரிக்காமல் சொன்னால் அது குற்றம். டாலாப் பெண் செய்ததும் அதுதான். தன் வீட்டைப் பற்றிச் சிரிக்காமல் எழுதினாள். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது இவர்கள் பயமில்லை. சிரிப்பு நின்றுபோகும் என்பதுதான் பயம்.

காகிதத்தில் இருந்தது இது: ஆண் ஆணோடும் பெண் பெண்ணோடும் வாழ்வது பற்றி வகுப்பில் எதுவும் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அந்த ‘கேட்டாலும்’ தனியாகப் பேனாவால் சேர்க்கப்பட்டிருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு வகுப்பின் கதை. அடுத்த சனிக்கிழமை அத்தை போன் செய்து வரச் சொன்னார். படகில் ஆற்றைக் கடந்து, துறையிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் போனேன். ஒற்றை அறை வீடு, ஜன்னலோரம் இரண்டு தையல் மெஷின்கள். அத்தையும் டோடோவும் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறார்கள். நான் நுழைந்ததும் அத்தை, பெண்ணை முட்டை வாங்கக் கடைக்கு அனுப்பினார். தட்டில் முட்டை நிறைய இருந்தது.

“எழுத்தர் கூப்பிட்டு விட்டாரு,” என்றார் அத்தை. “போன்ல உங்க டிக்கைக் காட்டினாரு. இது யாரு உனக்குன்னு கேட்டாரு.”

டோடோ அந்த வீட்டுப் பட்டியலில் இல்லை. இருக்க முடியாது. நான்காவது கட்டத்தில் அவருக்கு எழுத வார்டு ஆபீஸில் சொல் கிடையாது. ஏழு வருடமாக விருந்தாளி என்று பதிந்து, மறுபடி மறுபடி போய்ப் புதுப்பித்துத்தான் அந்த வீட்டில் தங்குகிறார். பதியாமல் யாராவது வீட்டில் தங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த வருடங்களில் இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ராத்திரியில் வந்து பட்டியலோடு ஆட்களைச் சரிபார்ப்பார்கள், பதியாதவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

“என்ன சொன்னீங்க?”

“கூடத் தைக்கிற பொம்பளைன்னு சொன்னேன். பிள்ளை விளையாட்டுக்கு எழுதிட்டான்னு சொன்னேன். அவரு ஒண்ணும் திட்டல. இந்தத் தடவை புதுப்பிக்க வாணாம், பேச்சு அடங்கட்டும்னாரு.”

“நான் மன்னிப்பு கேக்கத்தான்…”

“கேட்டு என்ன செய்ய?” அத்தை மெஷினை விட்டு எழவில்லை. “நீங்க சரியாத்தான் சொன்னீங்க. வகுப்புல சொன்னீங்க, அதோட விட்டிருக்கலாம். எதுக்குச் சுவத்துல ஒட்டினீங்க? நாங்க ஏழு வருசமா எதையும் எங்கயும் ஒட்டல, சயாமா.”

 பேனலைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்து என்பது எங்கள் வேலையில் முதல் நாள் பாடம். பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு நானே அதைச் சொல்கிறேன். ஒரு வீட்டின் ரகசியத்தை, அதை விசாரிக்கிற ஆபீஸின் படிவத்திலேயே எழுதவைத்து, எல்லோரும் வந்துபோகும் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கமிட்டி மேல் எனக்கு எவ்வளவு கோபமோ, அதில் பாதியாவது என் மேலும் உண்டு.

டோடோ சிரித்தார். அவர் தமிழ் உடைந்த தமிழ். “எழுத்து எப்படி? தப்பு இல்லாம எழுதுச்சா?”

“தப்பே இல்லை,” என்றேன்.

“ம். நல்ல சயாமா,” என்றார். துணிப்பையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். ஆற்றுக்கு இந்தப் பக்கம், அலோனில் அவர் தங்கை வீடு இருக்கிறது.

பெண் முட்டையோடு வந்தாள். என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், பிறகு பையைப் பார்த்தாள். “டோடோ எங்க போறாங்க?”

அத்தை, “தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல,” என்றார். பெண் என்னைப் பார்த்தாள். வகுப்பில் சரியா என்று கேட்டபோது பார்த்தது போலவே. நான் கீழே குனிந்து செருப்பைத் தேடினேன். கமிட்டியின் காகிதத்தில் கையெழுத்துப் போடாதவள், அந்த வாசலில் அதில் எழுதியிருந்ததை அப்படியே செய்தேன்.

இப்போதைய நிலை இது. ஞாயிறு வகுப்பை வேறு ஒருவர் எடுக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். டாலாப் பெண் வகுப்புக்கு வருவதில்லை. டோடோ காலைப் படகில் டாலாவுக்கு வந்து சீருடை தைத்துவிட்டு, மாலைப் படகில் அலோனுக்குத் திரும்புகிறார். விருந்தாளிப் பதிவு புதுப்பிக்கப்படவில்லை. எப்போது என்று கேட்க அத்தைக்குப் பயம். எந்த வழக்கும் இல்லை, எந்த உத்தரவும் இல்லை, எந்தச் சட்டமும் எங்கேயும் மீறப்படவில்லை. டோடோ ஏன் வீட்டில் தங்குவதில்லை என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.